கீழே இறக்கச் சொல்லுது, சார்

பெங்களூரில் ஒரு நாளைக்கு எத்தனை 'பீப்' சத்தம் கேட்கிறது என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா? மைக்ரோவேவ் அடுப்பு, வாஷிங் மெஷின், லிஃப்ட், யு.பி.எஸ்., பின்பக்கமாக வருகிற கார், எல்லாம் கத்திக்கொண்டேதான் இருக்கின்றன. நாம் காதில் வாங்குவதே இல்லை. இந்த ஊரிலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே, ஒவ்வொரு பீப்புக்கும் நின்று நிதானமாக மரியாதையோடு பதில் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஜீவனஹள்ளி பெல்காரர்தான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "பெல்காரன்னு சொல்லுங்க சார், ரயில்வே ஸ்டேஷன்லருந்தே இட்டுக்கினு வந்து வுட்ருவாங்க" என்பார். அது உண்மைதான். பேக்கரிக்கும் கறிக்கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்குதான் அவருடைய ரிப்பேர் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கலாம். இருவரும் தாராளமாக மூச்சு விட வேண்டுமென்றால் ஒருவர் வெளியே வந்துவிட வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய பித்தளை மணி தொங்கும். மிக்ஸியோ டிவியோ கம்ப்யூட்டரோ, எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் முதலில் அந்த மணியை ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டாமல் பேசினால், காதே கேட்காதவர் போல உள்ளே ஒரு ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பார்.

அவர் கோலார் தங்கவயல்காரர். தினமும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவார். அவருடைய அப்பா அங்கே சுரங்க வாயில் கூண்டுக்கு மணி அடித்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கூண்டு உண்டு. அதை இழுக்கும் மெஷினை ஓட்டுகிறவர் தொலைவில் ஒரு கொட்டகையில் இருப்பார். கூண்டு அவர் கண்ணில் படாது. மணிச் சத்தம்தான் அவருக்குக் கண். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் இறக்கு. மூன்று மணி என்றால் கூண்டுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்து. மணி கேட்டதும் மறுமணி அடித்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் எதுவும் அசையக்கூடாது.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மணிக் கணக்கை மட்டும் யாரும் மூடவில்லை. அப்பாவிடமிருந்து வந்த அந்த மூன்றே மூன்று விதிகளை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள அத்தனை மின்சாதனங்களையும் புரிந்துகொள்ள முடியும் என்று பெல்காரர் நம்பினார்.

பக்கத்து பேக்கரியின் புது அடுப்பு, பன் வெந்ததும் மூன்று முறை பீப் அடிக்கும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் பெல்காரர் கையில் ஸ்பேனரோடு பாய்ந்து போய் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டார். மூன்று மணி அடித்தாயிற்று, உள்ளே ஆள் இருக்கிறது, பதில் கொடுக்காமல் யாரும் கதவைத் தொடக்கூடாது என்றார். உள்ளே இருப்பது பன் என்று பேக்கரிக்காரர் மூன்று மொழிகளில் சொல்லிப் பார்த்தார். பலனில்லை. பெல்காரர் ஸ்பேனரால் அடுப்பை மூன்று தட்டு தட்டிய பிறகுதான் கதவு திறந்தது. சில வாரங்கள் இந்தச் சண்டை நடந்தது. அதற்கப்புறம் பார்த்தால், பேக்கரிக்காரரே இடுக்கியால் மூன்று தட்டு தட்டிவிட்டு அடுப்பைத் திறக்க ஆரம்பித்திருந்தார். தட்டாத நாட்களில் பன் அடி பிடிக்கிறது என்று வேறு சொன்னார்.

இன்னொரு நாள், எங்கள் தெருவில் ஒரு புதிய கார் பீப் பீப் என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக வந்தது. பெல்காரர் அதன் கூடவே நடந்தபடி, ஒவ்வொரு பீப்புக்கும் டிக்கியின் மேல் ஒரு தட்டு தட்டிக்கொண்டே வந்தார். காரின் சொந்தக்காரர் இறங்கி, கன்னடத்தில் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து விசாரித்தார். பெல்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க கூப்ட்டீங்க, நான் பதில் குடுத்தேன். இதுல இன்னா கோவம்?" என்றார்.

கூட்டம் கலைந்ததும், எதற்கு அண்ணா இந்த வேலை என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பதில் வராத வரைக்கும் கீழே ஆளு நின்னுக்கினே இருப்பான் சார்."

அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எதையும் ஒழுங்காக, காரணத்தோடு செய்கிறவன். வீட்டிலிருந்தபடியே சில சிறு கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஒயரிலும் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டியிருக்கும். கழற்றிய ஸ்குரூக்கள் மாத்திரை டப்பாக்களில் அளவு வாரியாக இருக்கும். இப்படிப்பட்ட நான் ஒருநாள் அந்த மனிதரின் முன்னால் கைகட்டி நிற்க நேர்ந்தது. காரணம், என் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொம்பப் பழையது, ஆனால் நான் விடவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன். ராம் கூட்டினேன். பவர் சப்ளையை மாற்றினேன். வாங்கிய நாளிலிருந்து அதில் மாறாமல் இருப்பது மதர்போர்டும், என் மனைவி ரெஜினா முன்பக்கத்தில் ஒட்டிய மாதா படமும்தான். மாதாவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பாதிக்கு மேல் புதுசு என்று பெருமையாகச் சொல்வேன்.

ரெஜினா சயின்ஸ் டீச்சர். பல வருடங்களாகத் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏதாவது ஒரு பள்ளி, "சொல்லி அனுப்புறோம் மேடம்" என்று சொல்லும். சொல்லியும் அனுப்பாது, கூப்பிடவும் செய்யாது. இந்த முறை ஃப்ரேசர் டவுன் பக்கத்தில் ஒரு நல்ல பள்ளியில் நிரந்தர வேலைக்கே கூப்பிட்டார்கள். எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்முகம் முடிந்தது. மீதி இருந்தது ஒரு மாதிரி வகுப்பு. தேர்வுக் குழுவில் ஒருவர் வெளியூரில் இருந்ததால் அதை ஆன்லைனில் எடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு ஒலி என்ற பாடம். படங்களைத் திரையில் காட்டி நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கான பக்கங்களையெல்லாம் அவள் இந்தக் கம்ப்யூட்டரில்தான் செய்து வைத்திருந்தாள்.

"இதுவும் போச்சுன்னா நான் வீட்டோட டியூஷன் எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுறேங்க. இனிமே யார் வாசல்லயும் போய் நிக்கிறதா இல்லை," என்று முன்னமே சொல்லிவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம்.

அவளுக்காகத்தான் அகலமான புது மானிட்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, புது மானிட்டருக்கு வேண்டியது எச்.டி.எம்.ஐ. கேபிள், என் பழைய மதர்போர்டில் இருப்பதோ அந்தக் காலத்து நீல நிற வாய். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆஸ்டின் டவுனில் இருக்கும் ரெஜினாவின் தம்பி உதவிக்கு வந்தான். தான் கேம் விளையாடிக் கழித்துப்போட்ட டிஸ்ப்ளே கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, என் பழைய மானிட்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனான். அந்தக் கார்டு இரண்டு ஃபேன்களோடு செங்கல் கனத்துக்கு இருந்தது. என் பழைய கேபினட்டின் ஸ்குரூ ஓட்டைக்கும் அதன் பட்டைக்கும் மயிரிழை வித்தியாசம், ஸ்குரூ ஏறவில்லை. "அதுவே பிடிச்சுக்கும் மாமா," என்றான்.

பிடித்துக்கொண்டது. படம் அருமையாக வந்தது. தரை துடைக்கும் தண்ணீர் படக்கூடாது என்று கேபினட்டை மேஜைக்கு மேலே உள்ள தட்டில் நிமிர்த்தி வைத்திருந்தேன். ஒரே ஒரு குறை. எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். காலையில் தங்கவயல் ரயில் கடக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் பேசும். அந்த நேரத்தில் சில நாள் படம் மறைந்துவிடும். அணைத்துப் போட்டால் வந்துவிடும். ரயிலுக்கும் டிஸ்ப்ளேவுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ரெஜினாவிடம் சொன்னேன். "ரயிலை நிறுத்தச் சொல்லி எழுதிப்போடுங்க," என்றாள்.

மாதிரி வகுப்பு நாள் வந்தது. வகுப்பு பதினோரு மணிக்கு. ரெஜினா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பாடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வந்தது. டம்ளர்கள் பேசின. படம் போனது.

அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு பீப் அடித்தது. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்ற சின்னக் கட்டம், வழி தவறிய ஈயைப் போல மூலைக்கு மூலை அலைந்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, மறைப்பானேன். இந்த நாளுக்காகவே மதர்போர்டு புத்தகத்திலிருந்து பீப் அட்டவணையை நகலெடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை: டிஸ்ப்ளே கார்டு கோளாறு. நோயின் பெயர் தெரிந்துவிட்டது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். வேறு கேபிள் போட்டேன். ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நாணயம் போன்ற அந்த பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் ஜெபம் சொல்லி, திரும்பப் போட்டேன். கார்டையே கழற்றி ஊதி மாட்டினேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கார்டு இல்லாமல் பழைய நீல வாயில் பார்க்கலாம் என்றால், அதற்கான மானிட்டர் ஆஸ்டின் டவுனில் இருந்தது. மச்சானுக்குப் போன் செய்தால் ஆபீஸில் இருந்தான்.

ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெல்காரரைக் கூப்பிடுங்க."

"அவரா? அவர் இதையும் கூண்டுன்னு சொல்லுவாரு."

"சொல்லட்டுமே. நீங்க கம்ப்யூட்டர்னு சொல்லி என்ன ஆயிடுச்சு?"

ஓடினேன். படத்தைப் பறித்துக்கொண்டு போன அதே ரயிலில்தான் அவரும் வந்து இறங்கியிருந்தார். கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அவசரத்திலும் மணியை ஒரு தட்டு தட்டினேன். அவர் தலையைத் தூக்கினார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டுவிட்டார். அது சுரங்கத்துத் தொப்பி விளக்கு. உள்ளே பல்பை மட்டும் புதிதாக மாற்றி வைத்திருந்தார். பட்டப்பகலிலும் அது எரியாமல் எந்தச் சாதனத்துக்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டார். பேசும்போதும் அணைக்க மாட்டார். ஆகவே அவரோடு பேசுகிறவர்கள் எல்லோரும் போலீஸ் விசாரணையில் இருப்பவர்கள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. ரெஜினாவைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா எப்ப இறங்கணும்?"

"பதினோரு மணிக்கு அண்ணா."

"பார்க்கறவங்க எத்தினி பேரு?"

"மூணு பேர்."

"அவங்க மேலே, நீங்க கீழே."

"ஆமாண்ணா," என்று ரெஜினா பெருமூச்சு விட்டாள். "எப்பவும் அப்படித்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டு கேபினட்டிடம் போனார். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டார். நான் சுவிட்சைத் தொடப் போனேன். "நக்கோ சார், நக்கோ. கை வெக்காதீங்க," என்று தடுத்துவிட்டு, காற்று போகும் ஓட்டையில் வாயை வைத்து, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று விசாரித்தார். பதில் வராததால் திருப்தியடைந்து, தானே சுவிட்சைப் போட்டார். நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

நான் லேமினேட் அட்டையை நீட்டினேன். "பாருங்கண்ணா, இது டிஸ்ப்ளே கார்டு கோளாறு. இதிலேயே போட்டிருக்கு."

"யாரு எழுதினது?"

"செஞ்ச கம்பெனிக்காரன்."

"அவன் எந்தச் சுரங்கத்துல இறங்கினான்?"

இந்தக் கேள்விக்கு அட்டவணையில் பதில் இல்லை.

"ஒண்ணு, அப்பறம் ரெண்டு," என்று விரல் விட்டார் பெல்காரர். "நிறுத்து, இறக்கு. கீழே இறக்கச் சொல்லுது, சார்."

நீளம் குட்டை என்ற வித்தியாசமெல்லாம் அவர் கணக்கில் இல்லவே இல்லை. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இது மணி இல்லை, மின்சாரச் சோதனையின் முடிவு. மதர்போர்டு ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்க்கிறது. எது பதில் சொல்லவில்லையோ அதைச் சொல்கிறது. அவர் முகம் மலர்ந்தது. "அத்தத்தான் சார் நானும் சொல்றேன்," என்றார். எனக்குத் தலை சுற்றியது. ரெஜினா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இறக்கட்டுமேங்க, என்ன இப்போ?" என்றாள்.

கேபினட்டைத் தட்டிலிருந்து இருவருமாகத் தூக்கி, தரையில் நிமிர்த்தி வைத்தோம். ஒயர்களை நான் ஒட்டியிருந்த பெயர்ப்படி மாட்டினேன். சுவிட்ச். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

அட்டையை மெதுவாக அவர் கண்ணில் படும்படி மேஜையில் வைத்தேன்.

"இன்னும் இறக்கச் சொல்லுது," என்றார் பெல்காரர்.

"அண்ணா, இது கிரவுண்டு ஃப்ளோர். இதுக்குக் கீழே மண்ணுதான் இருக்கு. தோண்டவா?"

"தோண்டறது எங்க வேலை சார். நீங்க அதுக்குக் கவலைப்படாதீங்க."

ஒரு விநாடி எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மனிதர் டைல்ஸைப் பெயர்த்தாலும் பெயர்ப்பார். அவர் விளக்கு வெளிச்சம் தரையில் இங்கும் அங்கும் அலைந்தது. பிறகு கேபினட்டின் அருகில் மண்டியிட்டு, எண்ணெய் தேய்த்த குழந்தையைக் குளிப்பாட்டக் காலில் போடுவதுபோல, அதைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார். திறந்த பக்கம் மேலே. இதற்குமேல் இறங்க முடியாது என்பதுபோல உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

பீப். குட்டையாக, ஒன்றே ஒன்று.

மானிட்டர் பளிச்சென்று விழித்தது. திறந்ததும் ரெஜினாவின் பாடத்தின் முதல் பக்கம், மணியும் அதிலிருந்து கிளம்பும் அலைகளுமாகத் திரை நிறைய நின்றது. ரெஜினா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் பெல்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் மட்டும் அசராமல் ஸ்பேனரால் கேபினட்டை ஒரு தட்டு தட்டினார். "ஒரு பெல். வந்து சேர்ந்து நின்னாச்சு. அதுக்கும் பதில் குடுக்கணும் சார்."

குனிந்து உள்ளே பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேபினட் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செங்கல் கார்டு, ஸ்குரூ இல்லாததால், தன் கனத்தில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ரயில் அதிர்வில் இன்னும் கொஞ்சம் விலகியிருக்கிறது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கையை எடுத்ததும் மறுபடி தொங்கும். படுக்கவைத்ததும் அதே கனம் அதை நேராகத் தன் இடத்தில் அழுத்தி உட்காரவைத்துவிட்டது. புவி ஈர்ப்பு விசைதான் காரணம் என்று அவருக்கு ஆர்வமாக விளக்கினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அதான் சார் கீழே இறக்கச் சொல்லுச்சு," என்றார்.

பதினோரு மணி நெருங்கியது. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். ஆள் நகரவில்லை.

"டீச்சரம்மா உள்ள இருக்காங்க. அவங்க ஏறி வர்ற வரைக்கும் பெல்காரன் எடத்தை வுட்டு எழுந்திருக்கக்கூடாது சார்."

வாதாட நேரமில்லை. திரையில் மூன்று முகங்கள் வந்துவிட்டன. நடுவில் இருந்த அம்மையார் சிரிக்கும் வழக்கம் உள்ளவராகத் தெரியவில்லை. ரெஜினா ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். பெல்காரர் தரையில், விளக்கு எரிய, ஸ்பேனர் மடியில். கேமரா மானிட்டரின் மேல் இருந்ததால் அவர் அதில் படவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ரெஜினா அற்புதமாக நடத்தினாள். காற்றில் ஒலி எப்படிப் போகிறது, தண்ணீரில் எப்படிப் போகிறது. அடுத்து திடப்பொருள். அதற்காக ஒரு ஸ்கேலையும் மேஜையையும் வைத்து ஏதோ செய்துகாட்டத் தயாராக இருந்தாள். சரியாக அந்த இடத்தில் கரண்டு போனது.

கம்ப்யூட்டர், மானிட்டர், இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றையும் யு.பி.எஸ். தாங்கிக்கொண்டது. ஆனால் யு.பி.எஸ். சும்மா தாங்காதே. பீப். பீப். பீப்.

மூன்று.

நான் பெல்காரரைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், விளக்கு கண்ணில் அடித்து எனக்கு உலகமே வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கேட்டது: டங். டங். டங்.

வீடு முழுவதும் எதிரொலித்தது. கேபினட் இரும்பு அந்தக் காலத்து இரும்பு.

அது என்ன சத்தம் என்று நடுவில் இருந்த அம்மையார் கேட்டார். பல வருடத்து "சொல்லி அனுப்புறோம்" எல்லாம் ஒன்றுசேர்ந்து என் காதில் ஒலித்தது. ரெஜினா ஒரு விநாடி கண்ணை மூடினாள். திறந்தாள். ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"அதுதான் என்னுடைய அடுத்த எடுத்துக்காட்டு," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கேமராவைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பினாள்.

மூன்று தேர்வாளர்களும் என்ன பார்த்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். வயிறு திறந்த நிலையில் படுத்துக் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில், நெற்றியில் விளக்கோடு, கையில் ஸ்பேனரோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அவர் கேமராவுக்கு ஒரு சல்யூட் வேறு வைத்தார்.

ரெஜினா நிறுத்தவில்லை. பூமிக்கு அடியில் கூண்டில் நிற்பவர்களுக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார். அவர்களுக்கு நடுவே இருப்பது ஒலி மட்டும்தான். பாறை இடிந்து அடைபட்டவர்கள்கூட இரும்புக் குழாயைத் தட்டித்தான் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்வார்கள், ஏனென்றால் காற்றைவிட இரும்பில் ஒலி வேகமாகப் போகும். பாடப் புத்தகத்தில் இல்லாததை எல்லாம், வருடக்கணக்காக மனப்பாடம் செய்தவள் போலச் சொன்னாள். குழுவில் இருந்த ஒருவர் முன்னால் சாய்ந்து, தமிழிலேயே கேட்டார்:

"ஐயா, மூணு தட்டு தட்டினீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

பெல்காரர் எழுந்து நிற்கவில்லை. இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாதே. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"உள்ள ஆளு இருக்குது சார். பார்த்து, பதனமா மேலே ஏத்துங்கன்னு அர்த்தம்."

ரெஜினா அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, கீழே அவரை ஒருமுறை பார்த்தாள். சமாளித்துக்கொண்டு முடித்தாள். சிரிக்காத அந்த அம்மையார் சிரித்துவிட்டார்.

அவர்கள் நிஜமாகவே சொல்லி அனுப்பினார்கள். ரெஜினாவுக்கு நிரந்தர வேலை. சேர்ந்த முதல் நாளே அந்த அம்மையார், அன்று வந்த தொப்பி விளக்குக்காரரை எந்த நாடகக் குழுவிலிருந்து கூட்டிவந்தீர்கள் என்று விசாரித்தாராம்.

செய்தி வந்த அன்று ரெஜினா கேக் எடுத்துக்கொண்டு பெல்காரர் கடைக்குப் போனாள். மணியைத் தட்டி, விஷயத்தைச் சொன்னாள். அவர் கேக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மேலே வந்தாச்சா? அப்ப சரி," என்று சொல்லி, ஒரு மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டாராம்.

கார்டுக்குப் பொருந்துகிற பட்டையும் ஸ்குரூவும் நான் எப்போதோ வாங்கிவிட்டேன். அவை மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. கம்ப்யூட்டரை நிமிர்த்தி வைக்க ரெஜினா விடவில்லை. "படுத்தே இருக்கட்டும். அதுக்கென்ன, வயசாயிடுச்சு இல்ல?" என்கிறாள். அறை நடுவே கால் நீட்டிப் படுத்திருக்கும் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறோம். கேபினட்டோடு மாதாவும் படுத்துவிட்டதால், படத்தை உரித்து நேராக ஒட்டினேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

பெல்காரர் இப்போது ஜீவனஹள்ளியில் இல்லை. மகள் அத்திபெலேயில் வீடு கட்டிக்கொண்டு, அப்பாவின் ரயில் அலைச்சல் போதும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு கடையில் ஓரமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார். பித்தளை மணியும் கூடவே போயிருக்கிறது. எப்போதாவது போன் செய்வார். என்னைப் பற்றிக் கேட்க மாட்டார். "மெஷின் படுத்துக்கினுதானே இருக்குது?" என்பார். ஆமாம் என்றால், வைத்துவிடுவார்.

காலையில் ரெஜினா பள்ளிக்குக் கிளம்பிய பிறகு நான் வேலைக்கு உட்காருகிறேன். தங்கவயல் ரயில் போகிறது. டம்ளர்கள் பேசுகின்றன. படம் போவதில்லை. அதற்கு முன்னால், சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் குட்டையாக ஒரு பீப் அடிக்கும். எல்லாப் பாகமும் சரி என்று பொருள். அட்டவணையில் தெளிவாக இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், மேஜையில் வைத்திருக்கும் ஸ்பேனரை எடுத்துக் குனிந்து, கேபினட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

கீழே யாரும் நின்றுகொண்டிருக்க வேண்டாமே.